ஒலியுறவும் ஆவணக் கடமையும்: அடிலெய்டு சமவெளியின் கௌணா மொழி தமிழாய்வுக்கு உணர்த்துவன

ஆய்வுச் சுருக்கம்

ஆஸ்திரேலியத் தொல்குடி மொழிகளைத் தமிழாய்வு பெரும்பாலும் ஒரே நோக்கில் அணுகி வந்துள்ளது. அம்மொழிகளின் மூவிடப் பெயர்களுக்கும் திராவிட மொழிகளின் மூவிடப் பெயர்களுக்கும் இடையே தோன்றும் ஒப்புமை வழியே இனவுறவை நிறுவ முயல்வதே அந்நோக்கு. தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு சமவெளியில் வழங்கிய கௌணா மொழியின் ஆவண வரலாற்றை முன்னிறுத்தி, அம்முயற்சியின் போதாமையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அம்மொழியிடமிருந்து தமிழாய்வு கற்க வேண்டியது உறவுமுறை அன்று, ஆவண முறையே என்பது இதன் கருத்து.

திறவுச் சொற்கள்: கௌணா, மொழி ஆவணம், மொழி மீட்பு, நகரம், கால்டுவெல், லைப்சிக் மிஷன்

முன்னுரை

ஆஸ்திரேலியக் கண்டத்தில் ஐரோப்பியர் குடியேறத் தொடங்கிய காலத்தில் ஏறத்தாழ 250 தொல்குடி மொழிகள் வழங்கின என்பது மொழியியலார் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணிப்பு. 2020இல் வெளியான மூன்றாவது தேசியத் தொல்குடி மொழிக் கணக்கெடுப்பு, 123 மொழிகள் ஏதேனும் ஓர் அளவில் வழக்கிலோ மீட்பு நிலையிலோ உள்ளன என்றும், அவற்றுள் 12 மரபுமொழிகளே ஒப்பளவில் வலிவுடன் திகழ்கின்றன என்றும் தெரிவித்தது. எஞ்சியவற்றுட் பல ஏட்டில் மட்டுமே உள்ளன. சிலவற்றுக்கு ஏடும் இல்லை.

இந்நிலையில், 'இறந்த மொழி' என்ற சொல்லாட்சி எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற வினா எழுகிறது. பேசுவோர் ஒருவரும் இல்லாத நிலையிலும் தொடர்களோடும் பொருள் விளக்கத்தோடும் எழுதிவைக்கப்பட்ட மொழி, நூற்றாண்டு கடந்தும் மீண்டும் நாவிற்கு வரக்கூடும் என்பதற்குக் கௌணா மொழி சான்றாக நிற்கிறது. அம்மொழியின் வரலாறு தமிழாய்வுக்குத் தொலைவான செய்தி போலத் தோன்றலாம். ஆயினும் அதனைப் பதிவு செய்தோரை அனுப்பிய அமைப்பும், அம்மொழிக் குடும்பத்தைத் திராவிடத்தோடு ஒப்பிட்ட அறிஞரும் தமிழுலகம் நன்கறிந்தோரே ஆவர்.

பெயரும் நிலமும்

ரோமன் எழுத்தில் இம்மொழிப் பெயரை எழுதுங்கால் ரகரத்தையும் னகரத்தையும் குறிக்கும் இரு எழுத்துகள் அடுத்தடுத்து வரும். அவ்விரண்டும் இணைந்து நாவளை ஒலியாகிய ணகரத்தையே குறிக்கின்றன. எனவே தமிழில் 'கௌர்னா' என்று எழுதுவதினும் 'கௌணா' என்று எழுதுவதே ஒலிக்கு நெருக்கமானது. இப்பெயரும் முதல் ஆவணத்தின் தலைப்பில் இடம்பெற்றதன்று. இருபதாம் நூற்றாண்டில் நார்மன் டிண்டேலின் எழுத்துகள் வழியாகவே இது பரவலாக நிலைபெற்றது.

இம்மொழி துர-யுர எனப்படும் மொழிக் குழுவைச் சார்ந்தது. நாருங்கா, நுகுனு, பாங்கர்லா, அட்ஞமத்ன ஆகியன இதன் சுற்றத்து மொழிகள். 1836 டிசம்பரில் தென் ஆஸ்திரேலியக் குடியேற்றம் முறைப்படி அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே முர்ரே ஆற்றின் வழியாகப் பரவிய பெரியம்மை இம்மக்களின் எண்ணிக்கையைக் குறைத்திருந்தது. குடியேற்றம் நிகழ்ந்த இடம் பிற்காலத்தில் ஒரு மாநிலத் தலைநகராக வளர்ந்தமையால், நிலத்தையும் மொழியையும் இம்மக்கள் மிக விரைவில் இழக்க நேர்ந்தது. 1860களுக்குப் பின் அன்றாட வழக்கில் இம்மொழி நின்றதாகச் சான்றுகள் தோன்றவில்லை. மொழியறிந்தோருள் இறுதியானவர் எனப் பொதுவாகக் குறிக்கப்பெறும் இவரிட்ஜி அம்மையார் 1929இல் மறைந்தார்.

1838 முதல் 1845 வரை

கிறித்தியான் காட்லோப் டைக்கல்மன், கிளாமர் வில்ஹெல்ம் ஷூர்மன் என்னும் செருமானிய லூத்தரன் சமயப் பணியாளர் இருவர் 1838 அக்டோபரில் அடிலெய்டை அடைந்தனர். அவர்களை அனுப்பியது 1836இல் நிறுவப்பட்ட ட்ரெஸ்டன் மிஷன் சங்கம். இச்சங்கமே 1840இல் கோர்டஸ் என்பாரைத் தரங்கம்பாடிப் பணிக்கு அனுப்பியது. 1848இல் லைப்சிக் நகருக்கு இடம்பெயர்ந்து லைப்சிக் மிஷன் என்று பெயர் பெற்றது. திருக்குறளை செருமானியத்திலும் இலத்தீனிலும் பெயர்த்த கார்ல் கிரால் இச்சங்கத்தின் இயக்குநராக விளங்கியவர். ஒரே நிறுவனத்தின் இரு கிளைகளுள் ஒன்று ஈராயிரம் ஆண்டு எழுத்து மரபுடைய தமிழையும், மற்றொன்று அதுகாறும் எழுதப்படாத ஒரு மொழியையும் எதிர்கொண்டது. முதலாவது தமிழாய்வாளர் பலரும் அறிந்த வரலாறு. இரண்டாவது தமிழில் ஏறத்தாழப் பேசப்படாத வரலாறு.

அடிலெய்டு வந்த இருவரும் ஈராண்டுக்குள், 1840இல், அம்மொழியின் இலக்கணச் சுருக்கம், சொற்றொகுதி, தொடர்த்தொகுதி ஆகிய மூன்றும் அடங்கிய நூலை வெளியிட்டனர். 24 பக்க இலக்கணம், ஏறத்தாழ 2000 சொற்கள், ஏறத்தாழ 200 தொடர்கள் என்பது அதன் அளவு. முல்லவிர்ரபுர்க்க, கட்லிட்பின்ன, இட்யமையிட்பின்ன முதலிய கௌணா மூத்தோரே அவர்களுக்கு மொழி கற்பித்த ஆசான்கள். டோரன்சு ஆற்றங்கரையில் பில்ட்டவோட்லி என்னுமிடத்தில் 1839 டிசம்பரில் தொடங்கிய பள்ளியில் கௌணா மொழியே பயிற்றுமொழியாக இருந்தது. அங்குப் பயின்ற சிறுவர் தம் மொழியிலேயே எழுதினர். அவர்கள் எழுதிய கடிதங்கள் சில ட்ரெஸ்டனுக்கு அனுப்பப்பெற்றன.

1845இல், ஆளுநர் ஜார்ஜ் கிரேயின் ஆட்சிக் காலத்தில், இப்பள்ளி மூடப்பட்டது. மாணவர் ஆங்கிலவழி விடுதிப் பள்ளிக்கு மாற்றப்பட்டனர். கிரே பின்னர் தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்திற்கு ஆளுநராகச் சென்றார். மொழி நூல்களைச் சேகரிப்பதில் பேரார்வம் கொண்டிருந்த அவருக்கு டைக்கல்மன் 1857இல் தம் விரிவான கையெழுத்துச் சொற்றொகுதியை அனுப்பிவைத்தார். ஒரு மொழிப் பள்ளி எவர் ஆட்சியில் மூடப்பட்டதோ, அவர்தம் நூற்சேகரத்தில் அம்மொழியின் அகராதி அடைக்கலம் பெற்றது. பதிவு செய்யும் ஆர்வமும் பேசுவோர்மீது அக்கறையும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது. அக்கையெழுத்துப்படி இன்றும் கேப் டவுனில் உள்ளது. அதாவது, அம்மொழியின் நிலம் ஒரு கண்டத்திலும், அகராதி மற்றொரு கண்டத்திலும், சிறுவர்தம் கடிதங்கள் வேறொரு கண்டத்திலும் சிதறிக் கிடந்தன.

சொல்லினும் தொடரே வலிது

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆஸ்திரேலியாவில் சொற்பட்டியல் தொகுத்தோர் பலர். நில அளவையாளர், காவல் அலுவலர், மருத்துவர், மேய்ப்பர் எனப் பலரும் உடலுறுப்பு, விலங்கு, மரம், ஆறு ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டெழுதினர். இத்தகைய பட்டியல்கள் இன ஒப்பீட்டிற்குப் பயன்பட்டன. ஆனால் ஒரு மொழியை மீட்டெடுக்க உதவவில்லை. 'கை', 'கால்', 'நீர்' என்ற மூன்று சொற்களை அறிந்தவர் 'கையால் நீரை அள்ளினான்' என்று சொல்ல இயலாது. வேற்றுமை உருபும் காலங்காட்டும் விகுதியும் தொடருக்குள்தான் உயிர்ப்புடன் இருக்கும்.

கௌணா மீட்புக்கு 1840ஆம் ஆண்டு நூல் அடித்தளமானதன் காரணம் அதில் அடங்கிய 2000 சொற்கள் மட்டுமல்ல. அவற்றோடு நின்ற தொடர்களே முதன்மைக் காரணம். ஷூர்மன் பின்னர் போர்ட் லிங்கனில் தொகுத்து 1844இல் வெளியிட்ட பாங்கர்லா மொழிச் சொற்றொகுதியும், 2010களில் மொழியியலார் கில்ஆட் சுக்கர்மனும் பாங்கர்லா மக்களும் இணைந்து மேற்கொண்ட மீட்பு முயற்சிக்கு அடிப்படையாயிற்று. இலக்கணமும் தொடர்களும் இணைந்த பதிவையே மீட்புப் பணி நாடுகிறது.

பதிவு செய்தோர் அறியாமலே மற்றோர் ஆவணமும் நிலைத்தது. அதுவே இடப்பெயர். அடிலெய்டுக்குத் தெற்கே ஓடும் ஆற்றுக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் ஒன்காபரிங்கா. அதன் மூலவடிவம் 'ஙங்கிபரிங்க' என்பது. 'ஙங்கி' பெண், 'பர்ரி' ஆறு, 'ங்க' இடவேற்றுமை உருபு. பெண்ணின் ஆற்றிடத்து என்பது பொருள். ஆங்கிலச் செவி மொழிமுதல் ஙகரத்தைத் தவறவிட்டது. ஆயினும் இறுதியில் நின்ற வேற்றுமை உருபைத் தன்னையறியாமல் காத்துவைத்தது. அடிலெய்டு மலைத்தொடரிலுள்ள யுரெய்ட்லா என்னும் ஊர்ப்பெயரும் இத்தகையதே. 'யுரிட்ல' என்பது 'இரு செவிகள்' எனப் பொருள்படும். ஒருமை, இருமை, பன்மை என்னும் மூவெண் பாகுபாடுடைய அம்மொழியின் இருமை விகுதி ஓர் ஊர்ப்பலகையில் நின்று நிலவுகிறது. மலைத்தொடரை வீழ்ந்துபட்ட பெருவுருவன் ஒருவனின் உடலாகக் காணும் தொன்மத்தின் எச்சம் அப்பெயர்.

கேட்ட செவியும் எழுதிய எழுத்தும்

எந்த மொழி ஆவணமும் பேசியவர் நாவை மட்டும் காட்டுவதில்லை. கேட்டவர் செவியையும் காட்டுகிறது. டைக்கல்மனும் ஷூர்மனும் தம் காலத்துத் தொகுப்பாளர் பலரினும் நுட்பமாகக் கேட்டவர்கள். மொழிமுதல் ஙகரத்தை அவர்கள் பதிவு செய்தனர். ஆயினும் பல்லொலிக்கும் நுனியண்ண ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது தமிழ் வழக்கில் தகரத்திற்கும் தொல்பழ றகரத்திற்கும், நகரத்திற்கும் னகரத்திற்கும் உள்ள வேறுபாட்டை, அவர்கள் பதிவு காட்டவில்லை. ரகர வகைகளின் வேறுபாடும் அவர்கள் எழுத்தில் சீராக இல்லை.

இக்குறை எவ்வாறு களையப்பட்டது என்பது ஆய்வுமுறை நோக்கில் கருதத்தக்கது. பேசுவோர் இருந்த காலம் வரை பதிவு பெற்ற அண்டை மொழிகள், குறிப்பாக லூயிஸ் ஹெர்குஸ் அம்மையார் ஆராய்ந்த நுகுனு முதலியன, ஒப்பீட்டுக்குத் துணைநின்றன. கௌணாச் சொல்லுக்கு இணையான சொல் சுற்றத்து மொழியில் பல்லொலியோடு வருமாயின், கௌணாவிலும் அதுவே இருந்திருக்கக் கூடும் என முடிவு செய்யப்பட்டது. தாவரவியலாளர் ஜே. எம். பிளாக் இவரிட்ஜி அம்மையாரிடம் கேட்டு ஒலிக்குறிப்போடு எழுதி 1920இல் வெளியிட்ட சிறு பட்டியலும் பயன்பட்டது. இவற்றின் அடிப்படையில் 2010இல் எழுத்துமுறை திருத்தப்பட்டது. மொழி மீட்பில் ஈடுபட்டுள்ள குழுவின் பெயரே இதனால் மாறிற்று. முன்னர்ப் 'பிஞ்சன்றி' எனப் படிக்கும் வகையில் எழுதப்பட்ட சொல், இப்போது 'பிஞ்சந்தி' எனப் படிக்கும் வகையில் எழுதப்படுகிறது. 'கௌண வர்ர பிஞ்சந்தி' என்பது கௌணா மொழியை உருவாக்குதல் எனப் பொருள்படும்.

இவ்விடத்தில் தமிழறிஞர்க்கு ஓர் உண்மை புலப்படும். திருத்திய எழுத்துமுறைப்படி கௌணாவின் மெல்லொலிகள் ஆறு. அவை ங, ஞ, ண, ந, ம, ன என்னும் ஆறேயாகும். வல்லொலிகளும் அடிப்படையில் க, ச, ட, த, ப, ற என்னும் ஆறிடத்துப் பிறப்பனவே. தமிழிற்போலவே அங்கும் ககரம் ஒலிப்புடனும் ஒலிப்பின்றியும் வருவது பொருள் வேறுபாட்டைத் தருவதில்லை. தொல்காப்பியப் பிறப்பியல் கற்ற மாணவர் ஒருவர், ஆங்கிலச் செவி நூற்றைம்பது ஆண்டுகளாகத் தடுமாறிய இடங்களை எளிதில் இனங்காண்பார். மொழிமுதல் ஙகரம் மட்டும் அவருக்குச் சற்றுப் புதிது. அதனையும் 'ஙனம்' என்ற வடிவுக்கு இடமளித்த நன்னூலார் வழியே அவர் ஓரளவு அறிந்திருப்பார்.

ஒப்புமையும் உறவும்

மேற்கண்ட ஒப்புமை, இனவுறவுக்குச் சான்றாகுமா என்ற வினா இங்கு எழுவது இயல்பு. அதற்கு விடை 'ஆகாது' என்பதே. ஒலிப் பாகுபாடு ஒத்திருத்தல் வகைமை ஒப்புமை. அது தொடர்பற்ற மொழிகளிடையேயும் நிகழும்.

இவ்வொப்பீட்டின் தோற்றுவாய் தமிழாய்வு வரலாற்றோடு பிணைந்தது. டைக்கல்மனும் ஷூர்மனும் அடிலெய்டை அடைந்த அதே 1838இல் சென்னையில் வந்திறங்கியவர் இராபர்ட் கால்டுவெல். 1856இல் வெளியான அவரது திராவிட ஒப்பிலக்கணம், ஆஸ்திரேலிய மொழிகளின் தன்மை, முன்னிலைப் பெயர்கள் திராவிட வடிவங்களை ஒத்திருப்பதைச் சுட்டியது. அவர் காலத்தில் கிடைத்த தரவுகளைக் கொண்டு அவ்வினாவை எழுப்பியது குற்றமன்று. அவ்வினாவை எழுப்பிய துணிவு பாராட்டத்தக்கதே. ஆனால் ஒரு முன்னோடியின் வினாவைப் பின்வந்தோர் விடையாகக் கொண்டமையே பிழை.

கௌணாவில் 'ஙாய்' என்பது தன்மை ஒருமை; 'நீன' என்பது முன்னிலை ஒருமை. 'நீன மர்ணி' என்பது 'நீ நலமா' எனப் பொருள்படும் வாழ்த்துத் தொடராக இன்று வழங்குகிறது. நீ, நின் என்னும் வடிவங்களை நாளும் பயன்படுத்தும் தமிழர் செவிக்கு இத்தொடர் வியப்பளிப்பது இயல்பே. ஆயினும் மூவிடப் பெயர்கள் ஓரிரு அசையாலானவை. அவற்றில் மெல்லொலி அமைவது உலகின் பல மொழிகளில் காணப்படுவது. இத்தகைய குறுவடிவங்கள் தற்செயலாக ஒத்தமைய வாய்ப்பு மிகுதி. இனவுறவை நிறுவ வேண்டுமாயின், அடிப்படைச் சொற்கள் பலவற்றில் ஒழுங்கான ஒலி நிகராக்கம் காட்டப்பட வேண்டும். அத்தகைய நிகராக்கம் இதுகாறும் காட்டப்படவில்லை. ஆஸ்திரேலிய மொழிகளை விரிவாக ஆய்ந்த ஆர். எம். டபிள்யூ. டிக்சன் 1980இல் வெளியிட்ட நூலும் திராவிட உறவு நிறுவப்பட்டதாக ஏற்கவில்லை.

இனவுறவுத் தேட்டத்தில் மற்றொரு குறையும் உண்டு. அது பேசும் மக்களை மறக்கச் செய்கிறது. ஒரு மொழியிலிருந்து இரண்டு மூவிடப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அம்மொழியின் தொடரமைப்பையும், பிறப்பு வரிசைப்படி ஆணுக்கு ஒன்பதும் பெண்ணுக்கு ஒன்பதுமாக அமைந்த பெயர் முறையையும், அம்மக்கள் இழந்த நிலத்தையும் விட்டுவிடும் கட்டுரை, அம்மொழியைத் தன் மொழியின் தொன்மைக்குச் சான்றுப்பொருளாக மட்டும் கருதுகிறது. குடியேற்றக் காலத்துச் சொற்பட்டியலாளரின் பார்வைக்கும் இப்பார்வைக்கும் வேறுபாடு குறைவு.

ஆவணம் யாருக்கு உரியது

1980களின் இறுதியில் கௌணா மக்கள் தம் மொழியை மீட்கத் தலைப்பட்டனர். 1990இல் நாருங்கா, கௌணா, ஙாரிஞ்ஜெரி மொழிகளில் பாடல்கள் ஆக்கப்பட்டு வெளிவந்தன. 1992இல் கௌணா சமவெளிப் பள்ளியில் மொழிப் பாடம் தொடங்கியது. மூத்தோராகிய லூயிஸ் யெர்லோபுர்க்க ஓ'பிரயன், அலிட்ய வல்லர ரிக்னி ஆகியோர் மொழியியலார் ராப் அமெரியோடு இணைந்து 2002இல் கௌண வர்ர பிஞ்சந்தி குழுவை அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கினர்.

இக்குழுவின் பணிமுறை கூர்ந்து நோக்கத்தக்கது. பூங்காவுக்கோ கட்டடத்திற்கோ பெயர் வேண்டுவோரும், மொழிபெயர்ப்பு நாடுவோரும் குழுவை அணுகுகின்றனர். மொழியியலார் சான்றுகளை எடுத்துரைக்க, மக்களின் சார்பாளர் முடிவு செய்கின்றனர். 2001இல் டோரன்சு ஆறு 'கர்ரவிர்ர பர்ரி' என்னும் பெயரையும் முறைப்படி பெற்றது. புதிய சொற்கள் பழைய வேர்களிலிருந்து ஆக்கப்படுகின்றன. மூளையைக் குறிக்கும் 'முகமுக', மின்னலைக் குறிக்கும் 'கண்டு' ஆகிய இரண்டும் இணைந்து கணிப்பொறிக்கு 'முகண்டு' என்ற சொல் ஆக்கப்பட்டது. வடிவத்தால் தமிழ்ச் சொற்களை ஒத்தும் பொருளால் முற்றிலும் வேறுபட்டும் நிற்கும் இச்சொற்கள், ஒலியொப்புமையை நம்பி முடிவு கூறுவோர்க்கு எச்சரிக்கையாகவும் அமைகின்றன.

பதிவு செய்தவர் அதன் உரிமையாளர் ஆகார் என்பதே இப்பணிமுறையின் உட்கிடை. 1840ஆம் ஆண்டு நூலின் முகப்பில் இரு செருமானியர் பெயர்கள் உள்ளன. அந்நூலின் ஒவ்வொரு சொல்லும் முல்லவிர்ரபுர்க்க போன்றோர் நாவிலிருந்து வந்தது. மொழியறிவைத் தந்தவரைத் 'தகவலாளி' என்று சுருக்குவது அவர்தம் புலமையை மறைப்பதாகும். மேலும், பதிவுகளில் பெயர் அறியப்படும் முதன்மை ஆசான்கள் ஆடவரே. சமயப் பணியாளர் எவரிடம் பேசினர், எவரிடம் பேசவில்லை என்பதும் ஆவணத்தின் எல்லையை வகுக்கிறது. பெண்டிர் மட்டும் அறிந்த மொழிப் பகுதி எவ்வளவு மறைந்தது என்பதை அளக்கும் கருவி எதுவும் இல்லை.

எதிர்வாதங்கள்

இம்மீட்பு முயற்சியின்மீது இரு எதிர்வாதங்கள் வைக்கப்படலாம். மீட்கப்பட்ட கௌணா பழைய கௌணா அன்று என்பது முதலாவது. இது உண்மையே. இன்று அதனைக் கற்போரின் முதன்மொழி ஆங்கிலம். ஒலிப்பிலும் தொடரமைப்பிலும் அதன் சாயல் படிவதைத் தவிர்க்க இயலாது. ஆயினும் எம்மொழியும் இரு நூற்றாண்டுகள் மாறாது நின்றதில்லை. மேலும், எது 1840ஆம் ஆண்டுச் சான்று, எது ஒப்பீட்டால் ஊகித்தது, எது புதிதாக ஆக்கியது என்பதை வேறுபடுத்திக் காட்டும் மீட்பு, தன் வரையறையை மறைக்காத மீட்பாகும். மூலபாட ஆய்வில் சுவடிப் பாடத்தையும் பதிப்பாசிரியர் திருத்தத்தையும் வேறுபடுத்திக் காட்டும் நெறியோடு இது ஒத்தது. உ. வே. சாமிநாதையரின் பதிப்பு நெறியில் பயின்ற தமிழுலகம் இந்நேர்மையின் மதிப்பை நன்குணரும்.

வலிவுடன் வழங்கும் 12 மொழிகளுக்குச் செலவிட வேண்டிய பொருளையும் உழைப்பையும் பேசுவோரற்ற மொழிக்குச் செலவிடுதல் தகுமோ என்பது இரண்டாவது. இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. குழந்தைகள் இன்றும் தாய்மடியில் கற்கும் மொழியைக் காப்பதே முதற்கடன். ஆயினும் மொழியை இழந்த மக்கள் அவ்விழப்பைத் தாமே விரும்பி ஏற்றவர் அல்லர். பள்ளி மூடப்பட்டது; சிறுவர் பிரிக்கப்பட்டனர்; நிலம் பறிபோயிற்று. அதற்கு ஈடு கோரும் உரிமையை மற்றொரு மொழியின் தேவையைக் காட்டி மறுத்தல் முறையன்று. இரு பணிகளும் ஒரே கொடையின் பங்குக்குப் போட்டியிடும் நிலையை உருவாக்கியதே திருத்தத்தக்க குறை.

தமிழாய்வுக்கு உரியன

கௌணாவின் வரலாற்றிலிருந்து தமிழாய்வு ஏற்கத்தக்க நெறிகள் நான்கு.

முதலாவது, ஆஸ்திரேலிய மொழிகளை ஒப்பிட விழைவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சொற்பட்டியல்களின் எழுத்து வடிவங்களை அவ்வாறே மேற்கோளாக்குதலைக் கைவிட வேண்டும். திருத்திய எழுத்துமுறையும் அம்மக்கள் ஏற்ற அகராதிகளும் இருக்க, பிழைபட்ட வடிவத்தின்மீது உறவுமுறை கட்டுதல் ஏற்புடையதன்று.

இரண்டாவது, பழங்குடி மொழிக் களப்பணியில் சொற்பட்டியலோடு நின்றுவிடலாகாது. மரே எமனோ 1930களில் நீலகிரியில் கோத்தர் மொழியைப் பதிவு செய்தபோது கதைகளை முழுமையாகக் கேட்டெழுதினார். அவையே 1944 முதல் 1946 வரை வெளிவந்த கோத்த உரைத்தொகுதிகளாயின. இருளர், குறும்பர், கோத்தர், தோடர் மொழிகளில் ஆய்வு நிகழ்த்தும் மாணவர்க்கு முந்நூறு சொற்கள் கொண்ட வினாநிரல் போதுமானது என்று கருதும் வழக்கம் மாற வேண்டும். வினாநிரலால் பட்டம் கிடைக்கலாம். அம்மொழிக்கு எதிர்காலம் கிடைக்காது.

மூன்றாவது, மொழி தந்தவரின் பெயர் அவர் இசைவுடன் ஆய்வேட்டின் முகப்பிலேயே இடம்பெற வேண்டும். பதிவின் ஒரு படி அவர்தம் ஊரிலும் இருத்தல் வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டு அடுக்கில் மட்டும் இருக்கும் பதிவு, கேப் டவுனுக்குச் சென்ற கையெழுத்துப்படியை ஒத்ததே. தொலைவு வேறுபடலாம், பேசுவோருக்கு எட்டாமை ஒன்றே.

நான்காவது, தமிழ் நெடுங்கணக்கின் இடவாரிப் பாகுபாடு எழுத்தற்ற மொழிகளைக் கேட்டெழுதும் பயிற்சிக்குச் சிறந்த கருவி என்பதைத் தமிழ்த்துறைகள் உணர வேண்டும். பிறப்பியல் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நின்றுவிடாது, களத்தில் செவியைப் பழக்கும் பாடமாகவும் அமைதல் வேண்டும்.

முடிவுரை

பில்ட்டவோட்லிப் பள்ளியில் பயின்ற சிறுவர் தம் மொழியில் எழுதிய கடிதங்கள் லைப்சிக் மிஷன் ஆவணங்களிடையே காக்கப்பட்டன. அவற்றை எழுதியோரின் வழிவந்தோர் இன்று அவ்வெழுத்துகளைப் படித்துப் பொருள் கொள்கின்றனர். இனவுறவுக் கொள்கை எதனாலும் இது நிகழவில்லை. ஒரு பள்ளியில் அம்மொழியே கற்பிக்கப்பட்டது, தொடர்களோடு ஒரு நூல் அச்சேறியது, காகிதங்கள் அழியாமல் வைக்கப்பட்டன, அவற்றைத் தேடிவரும் மக்கள் இருந்தனர் என்னும் நான்கு காரணங்களால் நிகழ்ந்தது.

தமிழ் தன் இலக்கியத்தைச் சுவடிகளிலிருந்து மீட்ட மொழி. ஏடு அழிந்தால் எது அழியும் என்பதை அதன் ஆய்வாளர் அறிவர். கௌணா மொழியைத் தொலைதூரத்து உறவினராகக் கொண்டாடுவதினும், தன் அண்டையில் வாழும் எழுத்தற்ற மொழிகளுக்கு அத்தகைய ஏடுகளை உரியவர் துணையோடும் உரியவர் கைக்கு எட்டும் வகையிலும் உருவாக்குவதே தமிழாய்வு அம்மொழிக்குச் செலுத்தும் தக்க மதிப்பாகும்.